மன்னன் யாரைக் கேட்டு மணப்பது?

அரசனுக்குக் காதல் வந்தால் கதை சொல்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஒருபக்கம் மணிமுடி, மறுபக்கம் மனம், நடுவே தவிக்கும் இளம் மன்னன். நாடகமும் சினிமாவும் தொடர்கதையும் இந்தத் தவிப்பை வைத்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருக்கின்றன. வரலாற்றைப் புரட்டினால் காட்சி கொஞ்சம் மாறுகிறது. தவிப்பு உண்மைதான். ஆனால் முடிவை அந்தத் தவிப்பு தீர்மானித்த இடங்கள் மிகக் குறைவு. அந்தத் திருமணத்துக்குச் சம்மதம் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது, அடுத்த வாரிசு யார், எந்த அரசியல் பேரம் அந்தத் திருமணத்தை நம்பி நின்றது என்ற மூன்று கேள்விகளே பெரும்பாலும் முடிவு கட்டின.

இவற்றுக்கு அடியில் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. 'நாட்டுக்காக நீ இதைச் செய்யத்தான் வேண்டும்' என்று மன்னனிடம் சொல்ல எப்போதும் யாரோ ஒருவர் வந்தார். தாய், அமைச்சர், ஆயர், பேரரசின் அதிகாரி என ஆள் மாறினார். வந்தவர் நாட்டைக் கேட்டுவிட்டு வந்தாரா? காதலா கடமையா என்ற பழைய வழக்கை இந்தக் கேள்வியோடு மறுவிசாரணை செய்தால் பல தீர்ப்புகள் மாறுகின்றன.

புலவர்களும் அமைச்சர்களும்

தமிழ் மரபு இந்த வழக்கில் ஒரே குரலில் பேசவில்லை. மயிலுக்குப் போர்வை தந்த பேகன், மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு புலவர்கள் இதற்காக அவனைப் பாடியவை புறநானூற்றில் 143 முதல் 147 வரை வரிசையாக உள்ளன. பொன்னும் பொருளும் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போவதே எங்களுக்கு நீ தரும் பரிசில் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இங்கே மனைவியின் மீதுள்ள அன்பே மன்னனின் அறத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தப்புரச் செய்தி என்று ஒதுக்காமல், புறப்பாட்டில் வைத்து வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார்கள்.

வள்ளுவர் வேறு பக்கம் நிற்கிறார். காதலுக்கு 25 அதிகாரங்களைத் தந்த அவரே, பொருட்பாலில் 'பெண்வழிச்சேறல்' என்று ஓர் அதிகாரம் வைத்து, மனைவி சொல்லே வழி என்று நடப்பவன் வினையில் தோற்பான் என்று எச்சரிக்கிறார்.

கொங்குவேளிரின் பெருங்கதையில் இந்தச் சிக்கல் முழு அரசியலாகிறது. வாசவதத்தையின் காதலில் மூழ்கிய உதயணன் ஆட்சியை மறக்கிறான். கோசம்பி பகைவன் ஆருணியின் கையில் இருக்கிறது. அமைச்சன் யூகி அரண்மனைக்குத் தீ வைக்கச் செய்து, வாசவதத்தை இறந்துவிட்டாள் என்று மன்னனை நம்பவைத்து, அவளை மறைத்து வைக்கிறான். பிறகு உதயணன் மகத நாட்டுப் பதுமாபதியை மணக்கிறான். அந்த உறவின் பலத்தில் கோசம்பி மீள்கிறது. வடமொழியில் பாசனின் நாடகமும் இதே கதையை எடுத்துக்கொண்டது. மன்னனின் கடமையை மன்னனுக்கே தெரியாமல் அமைச்சன் நிறைவேற்றி வைப்பதும், அதற்கு வாசவதத்தையே உடந்தையாக இருப்பதும் நம் ரசிகர்களுக்கு உறுத்தவில்லை. நாடு மீண்டதே, போதாதா என்று கதை கேட்கிறது.

தாய்மாமன் கட்டிய கணக்கு

யூகியைப் போன்ற ஓர் அமைச்சர் 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் இருந்தார். கர்தினால் மஸாரன். அவருடைய சகோதரி மகள் மரி மன்சீனி மீது இளம் பதினான்காம் லூயிக்குக் காதல். 1658 கோடையில் கலே நகரில் மன்னன் உயிருக்குப் போராடியபோது மரி எல்லோர் முன்னிலையிலும் அழுதாள். பிழைத்து எழுந்த 19 வயது மன்னன் அதை மறக்கவில்லை. அவளையே மணக்க விரும்பினான்.

சொந்த மருமகள் பிரான்சின் அரசியாவதைவிட ஒரு தாய்மாமனுக்கு வேறென்ன வேண்டும்? மஸாரன் மறுத்தார். காரணம், 1635 முதல் ஸ்பெயினோடு நடந்துவந்த போர். அதை முடிக்கும் பேச்சில் ஸ்பெயின் மன்னரின் மகள் மரியா தெரேசாவை லூயி மணப்பது மைய நிபந்தனையாக இருந்தது. 1659 ஜூனில் மரி கடற்கரைப் பகுதிக்கு அனுப்பப்பட்டாள். மன்னன் அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். மஸாரன் மன்னனுக்குக் கண்டிப்பான கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். நவம்பர் 7 அன்று, இரு நாட்டு எல்லையான பிதசோவா ஆற்றின் நடுத்தீவில் பிரனீஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. 1660 ஜூனில் திருமணம்.

கடமையின் பக்கம் இதைவிட வலுவான வழக்கு வரலாற்றில் எளிதில் கிடைக்காது. 24 ஆண்டுப் போர் நின்றது. ஆனால் அந்தத் திருமணத்தின் வால் நீளமானது. மணமகள் ஸ்பெயின் அரியணை உரிமையைத் துறப்பதற்கு ஈடாக 5 லட்சம் தங்க எக்கூ வரதட்சணை பேசப்பட்டது. பணம் வரவில்லை. வராததைக் காரணம் காட்டி, மனைவியின் உரிமை என்று சொல்லி, 1667-ல் லூயியே ஸ்பானிய நெதர்லாந்தின் மீது படையெடுத்தான். சமாதானத்துக்காக நடந்த திருமணமே ஏழாம் ஆண்டில் போருக்குச் சாக்கானது.

அரசி மணந்தால்

மன்னனுக்கு இருந்த சிக்கல் அரசிக்கு இரட்டிப்பு. மன்னன் மணந்தால் நாட்டுக்கு ஓர் அரசி வருவாள். அரசி மணந்தால் நாட்டுக்கு ஓர் எஜமானன் வந்துவிடுவானோ என்று அவை அஞ்சியது. 1558-ல் 25 வயதில் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் எலிசபெத்துக்கு ராபர்ட் டட்லி மீதிருந்த நெருக்கம் ஊரறிந்தது. 1560 செப்டம்பரில் டட்லியின் மனைவி ஏமி படிக்கட்டின் கீழே இறந்து கிடந்தாள். விபத்து என்று விசாரணை சொன்னது. ஊர் வாய் அடங்கவில்லை. அதன்பின் டட்லியை மணப்பது கொலைப்பழியைச் சேர்த்து மணப்பதாகும். எலிசபெத் யாரையும் மணக்காமலே 44 ஆண்டுகள் ஆண்டார்.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் மேரி வேறு வழி போனார். 1565-ல் டார்ன்லியை விரும்பி மணந்தார். 1567 பிப்ரவரியில் டார்ன்லி கொல்லப்பட்டார். கொலையில் பங்குண்டு என்று பலரும் சந்தேகித்த பாத்வெல்லை மூன்றே மாதத்தில் மேரி மணந்தார். விரும்பித்தானா, கடத்தப்பட்டா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பிரபுக்கள் அந்த வாதத்துக்குக் காத்திருக்கவில்லை. ஜூலையில் 24 வயது அரசியிடம் முடிதுறப்பில் கையெழுத்து வாங்கினார்கள். தொட்டிலில் ஒரு வயது மகன் ஜேம்ஸ் இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

புதுக்கோட்டையின் மறுப்பு

ஒரு மன்னனுக்கு மேல் இன்னொரு பேரரசு இருந்தால், சம்மதம் சொல்லும் இடம் அரண்மனையை விட்டே வெளியேறிவிடும். புதுக்கோட்டை சமஸ்தானம் இதற்குச் சாட்சி. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886-ல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தவர். 1915 ஆகஸ்டில் மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அப்போது அவருக்கு 39 வயது. 'இளம் மன்னன்' என்ற வரையறைக்குச் சற்று வெளியே. ஆனால் அவர் மாட்டிக்கொண்ட கண்ணி அதேதான்.

ஆங்கில அரசு அந்தத் திருமணத்தை அங்கீகரிக்கவில்லை. மோலிக்கு ராணி என்ற பட்டம் கிடையாது. பிறக்கும் குழந்தைக்கு வாரிசுரிமை கிடையாது. தம்பதி புதுக்கோட்டைக்கு வந்தார்கள். மோலி கடுமையாக நோய்வாய்ப்பட்டபோது யாரோ அரளி விஷம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 1916-ல் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அதே ஆண்டு சிட்னியில் மகன் பிறந்தான். பெயரிலும் சிட்னி சேர்ந்தது. தொண்டைமான் ஐரோப்பாவில் குடியேற, 1922-ல் அவருடைய அண்ணன் ரீஜெண்டாகப் பொறுப்பேற்றார். 1928-ல் பாரிஸில் தொண்டைமான் இறந்ததும், மகனைத் தாண்டி, உறவுக் கிளையிலிருந்து ராஜகோபாலத் தொண்டைமான் சிறு வயதில் பட்டம் பெற்றார்.

ஆங்கிலேயன் இந்தியப் பெண்ணோடு வாழ்ந்தது காலனி ஆட்சியின் தொடக்கத்தில் சர்வசாதாரணம். இந்திய மன்னன் வெள்ளைப் பெண்ணை முறைப்படி மணந்து, அவள் மகன் அரியணை ஏறுவது என்பது நிறப் படிநிலையையே புரட்டிப் போடும். புதுக்கோட்டை மக்கள் மோலியை ஏற்பார்களா என்பது லண்டனுக்கும் டெல்லிக்கும் ஒரு கேள்வியாகவே படவில்லை.

வானொலிக்குப் போடப்பட்ட பூட்டு

இந்த வகைக் கதைகளில் உலகப் புகழ் பெற்றது பிரிட்டனின் எட்டாம் எட்வர்டுடையது. 1936 ஜனவரி 20-ல் பட்டத்துக்கு வந்து, 326 நாளில் இறங்கியவர். அவர் விரும்பிய வாலிஸ் சிம்சன் அமெரிக்கர், ஒருமுறை மணமுறிவு பெற்றவர், இரண்டாம் மணமுறிவும் நடந்துகொண்டிருந்தது. முன்னாள் கணவர் உயிரோடிருக்க மறுமணம் செய்வதை இங்கிலாந்துத் திருச்சபை ஏற்கவில்லை. அந்தத் திருச்சபையின் தலைவரோ மன்னர். மனைவிக்கு அரசிப் பட்டம் இல்லாத ஒரு திருமணத்துக்காவது இடம் கொடுங்கள் என்று எட்வர்ட் கேட்டுப் பார்த்தார். பிரதமர் பால்ட்வின் அமைச்சரவையிடமும் டொமினியன் நாடுகளின் அரசுகளிடமும் கேட்டார். வேண்டாம் என்றே பதில் வந்தது.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. முடிவெடுக்கும் முன் வானொலியில் மக்களிடம் நேரடியாகப் பேச எட்வர்ட் அனுமதி கேட்டார். அமைச்சரவை மறுத்தது. அமைச்சர்களின் ஆலோசனையை மீறி மன்னர் மக்களிடம் முறையிட்டால், நாடு மன்னர் கட்சி, அமைச்சர் கட்சி என்று பிளந்துவிடும் என்பது காரணம். அரசியல் சாசனப்படி அது சரியான காரணமே. உலகமே கேட்ட அந்தப் புகழ்பெற்ற உரையை அவர் டிசம்பர் 11-ல் பேசினார். முடி துறந்து ஆகிவிட்டிருந்தது. தம்பியும் தம்பிக்கு இரண்டு மகள்களும் இருந்ததால் வாரிசுக் கவலையும் இல்லை. எட்வர்டை விட்டுக்கொடுப்பதில் நாட்டுக்கு நஷ்டமில்லை என்று ஆள்வோர் கணக்கிட்டார்கள்.

செரோவே ஊர்மன்றம்

பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே பிரிட்டிஷ் அரசு இன்னொரு திருமணத்தைச் சந்தித்தது. இன்றைய போட்ஸ்வானா அன்று பெச்சுவானாலாந்து என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புப் பகுதி. அங்கே பமாங்வாட்டோ மக்களின் வாரிசு செரெட்சே காமா. 1921-ல் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்ததால் சித்தப்பா செகெடி ரீஜெண்டாக இருந்து ஆண்டார். சட்டம் படிக்க லண்டன் வந்த செரெட்சே, 1947-ல் ரூத் வில்லியம்ஸ் என்ற எழுத்தரைச் சந்தித்தார். மறு ஆண்டு இருவரும் மணக்க முடிவு செய்தபோது சித்தப்பாவிடமிருந்து எதிர்ப்புத் தந்திகள் பறந்தன. தேவாலயத் திருமணத்துக்கு லண்டன் ஆயர் அரசின் சம்மதம் வேண்டும் என்று கைவிரித்தார். 1948 செப்டம்பர் 29 அன்று கென்சிங்டன் பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்தது.

சித்தப்பாவின் கோபத்துக்குக் காரணம் வெறும் நிறம் அல்ல. தலைவனின் மனைவி மக்களுக்குத் தாய். அவளை மக்களைக் கேட்காமல் தேர்ந்தெடுப்பது மரபு மீறல். செரெட்சே ஊர் திரும்பி அந்த மக்கள் முன்னாலேயே போய் நின்றார். 'கோட்லா' எனப்படும் ஊர்மன்றம் செரோவேயில் கூடியது. பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மனதில் இருப்பதைச் சொல்லும் இடம் அது. 1948 நவம்பரில் பெரும்பாலோர் திருமணத்தை எதிர்த்தார்கள். டிசம்பரில் மறுபடி கூடினார்கள்; கருத்து அசையத் தொடங்கியது. 1949 ஜூனில் மூன்றாம் முறை ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். என் மனைவியை ஏற்காதவர்கள் எழுந்திருங்கள் என்றார் செரெட்சே. சுமார் நாற்பது பேர் எழுந்தார்கள். ஏற்பவர்கள் எழுந்திருங்கள் என்றதும் கூட்டம் மொத்தமும் ஆரவாரத்தோடு எழுந்து நின்றது.

ஏழு மாதத்தில் என்ன மாறியது? காதலின் மகத்துவத்தை அவர்கள் உணர்ந்துவிட்டார்கள் என்று சொல்வது சினிமாத்தனம். ரூத்தை மறுத்தால் செரெட்சேயையே இழப்போம், சித்தப்பா நிரந்தரமாக அமர்ந்துவிடுவார் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. முறையான வாரிசு முக்கியம், மனைவி அவன் பாடு என்ற முடிவுக்கு வந்தார்கள். மன்றத்தில் ஆண்களுக்கு மட்டுமே குரல் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இந்தக் கட்டுரையில் இதுவரை பார்த்த வழக்குகளில், ஆளப்படுவோரிடம் நேராகக் கேட்டு, அவர்கள் பதில் சொன்ன வழக்கு இது ஒன்றே.

லண்டன் அந்தப் பதிலை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1948-ல் இனவொதுக்கல் அரசு ஆட்சிக்கு வந்திருந்தது. 1949-ல் கலப்பு மணத்தைத் தடை செய்து சட்டம் போட்டது. எல்லைக்கு அப்பால் ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளை மனைவியோடு ஆள்வதை அது பொறுக்காது. அங்கிருந்து வரும் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்குத் தேவைப்பட்டன. நீதிபதி ஹாரகன் தலைமையிலான விசாரணை, செரெட்சே மற்றபடி தகுதியானவரே என்று ஒப்புக்கொண்டு, அண்டை நாடுகளின் பகையைக் காரணமாக்கி அவரை ஏற்க வேண்டாம் என்றது. அதில் ஒரு காரணம் விநோதமானது. பெச்சுவானாலாந்தின் நிர்வாகத் தலைநகர் மாஃபெகிங், தென்னாப்பிரிக்க எல்லைக்குள் இருந்தது. அந்நாடு செரெட்சேயை உள்ளே விடாது. எனவே தன் தலைநகருக்கே போக முடியாதவர் எப்படி ஆள்வார்? அரசு அந்த அறிக்கையை வெளியிடாமல் பூட்டிவைத்தது.

1950-ல் பேச்சுவார்த்தைக்கு என்று லண்டனுக்கு அழைத்து, இனி நாடு திரும்பக் கூடாது என்று செரெட்சேயிடம் சொன்னார்கள். ரூத் அப்போது கர்ப்பிணியாகச் செரோவேயில் இருந்தார். 1952-ல் தடை நிரந்தரமாக்கப்பட்டபோது அங்கே கலவரம் வெடித்தது. தலைமை உரிமையைத் துறந்த பிறகே 1956-ல் சாதாரணக் குடிமகனாக ஊர் திரும்ப முடிந்தது. அடுத்த பத்தாண்டில் அவர் கட்சி தொடங்கித் தேர்தலில் வென்று, 1966 செப்டம்பர் 30 அன்று சுதந்திர போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவரானார். 1980-ல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். எந்தக் குழந்தைகளை நினைத்து அதிகாரிகள் அஞ்சினார்களோ, அந்தக் குழந்தைகளில் ஒருவரான இயன் காமாவை 1979-ல் பமாங்வாட்டோ மக்கள் தலைவராக்கினார்கள். 2008 முதல் 2018 வரை நாட்டின் குடியரசுத் தலைவராகவும் அவர் இருந்தார்.

வாரிசு என்னும் துருப்பு

நார்வேயின் இளவரசர் ஹரால்ட், ஒரு துணி வியாபாரியின் மகள் சோனியாவை விரும்பினார். ஒன்பது ஆண்டு காத்திருந்தார். அவளில்லாவிட்டால் திருமணமே வேண்டாம் என்று தந்தை ஓலாவிடம் சொன்னார். அன்றைய சட்டப்படி பெண்கள் பட்டத்துக்கு வர முடியாது. ஹரால்டோ ஒரே மகன். அவர் பிரம்மச்சாரியாக இருந்தால் அந்தக் கிளையே முடிந்துவிடும். மன்னர் அரசாங்கத்தைக் கலந்தாலோசித்துச் சம்மதம் தந்தார்; 1968-ல் திருமணம் நடந்தது. எட்வர்டிடம் இல்லாத துருப்புச்சீட்டு ஹரால்டிடம் இருந்தது.

ஸ்வீடனில் அதே சீட்டு எதிராக விழுந்தது. இளவரசர் பெர்டில் 1943-ல் சந்தித்த லிலியனை மணந்தால் வாரிசுரிமை போய்விடும். அண்ணன் விமான விபத்தில் இறந்து, அண்ணன் மகன் குழந்தையாக இருந்ததால், தேவைப்பட்டால் பொறுப்பேற்க பெர்டில் தயாராக இருக்க வேண்டியிருந்தது. இருவரும் மணமாகாமலே சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்தக் குழந்தை மன்னராகி 1976-ல் தானும் குடிமகள் ஒருத்தியை மணந்த பிறகு, சித்தப்பாவின் திருமணத்துக்கும் வழிவிட்டார். அப்போது மணமகனுக்கு 64 வயது.

செர்பிய மன்னர் அலெக்சாண்டர் 1900-ல் யாரையும் கேட்காமல், தன்னைவிட மூத்த விதவை டிராகாவை மணந்தார். அமைச்சரவையே விலகியது. 1903 ஜூனில் ராணுவ அதிகாரிகள் அரண்மனைக்குள் புகுந்து இருவரையும் சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். ஒப்ரனோவிச் வம்சம் அத்தோடு முடிந்தது. சாசனத்தை இஷ்டத்துக்கு வளைத்த ஆட்சியின் மீதிருந்த கோபமும் அதில் சேர்ந்திருந்தது. திருமணம் அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் கொடுத்தது.

கடன் யார் கணக்கில்?

இந்த வழக்குகளை ஒன்றாக அடுக்கினால், மன்னன் செய்த தியாகம் என்று நாம் பாடுவதன் பெரும்பங்கு வேறொருவர் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது தெரிகிறது. லூயி உலகப் புகழ் பெற்றான். இத்தாலியப் பிரபு ஒருவருக்கு மணம் முடிக்கப்பட்ட மரி, 1672-ல் அந்த வீட்டிலிருந்து தப்பி ஓடி ஊர் ஊராக அலைந்தாள். 'கடமை'யின் பக்கம் வென்ற மரியா தெரேசாவும் கணவனின் காதலிகளோடு ஒரே அரண்மனையில் காலம் தள்ளினாள். மோலிக்கும் வாலிசுக்கும் பட்டம் மறுக்கப்பட்டது. டிராகாவுக்கு உயிரே போனது.

அதற்காக மன்னனின் திருமணம் அவன் சொந்த விஷயம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரை ஆட்சியில் படுக்கையறைக்கும் கருவூலத்துக்கும் இடையே சுவரில்லை. பிரான்சில் போர் நின்றது உண்மை. யூகியின் கணக்கு கற்பனையில் மட்டும் பலித்ததல்ல. ஆனால் போரை நிறுத்திய கடமையும், தென்னாப்பிரிக்காவின் முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட கடமையும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. முன்னதன் பலன் ஆளப்படுவோர் வீட்டு வாசலுக்கு வந்தது. பின்னது அவர்கள் வாய்விட்டுச் சொன்ன விருப்பத்தையே மிதித்துவிட்டு, அவர்கள் நன்மைக்கு என்று பெயர் சூட்டிக்கொண்டது.

முடியாட்சிகள் சுருங்கிவிட்ட இன்றும் அரச திருமணத்துக்குச் சம்மதம் சொல்லும் உரிமை முழுதாகப் போய்விடவில்லை. 1772-ல் பிரிட்டனில் இயற்றிய அரச திருமணச் சட்டம், இரண்டாம் ஜார்ஜின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோருக்கு மன்னரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. 2013-ல் வந்த புதிய சட்டம் அதை வாரிசு வரிசையில் முதல் ஆறு பேருக்குக் குறைத்தது. சம்மதம் கொடுக்கும் கை இன்னும் அரண்மனைக்குள்ளேதான் இருக்கிறது.

மக்களிடம் கேட்டால் எப்போதும் நல்ல பதில் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. செரோவேயின் முதல் பதில் மறுப்புதான். ஆனால் கேட்கப்பட்டவர்கள் வாதாடினார்கள், யோசித்தார்கள், மாறினார்கள், தாங்கள் எடுத்த முடிவுக்குப் பொறுப்பும் ஏற்றார்கள். அவர்கள் பெயரால் வெளியிலிருந்து முடிவெடுத்தவர்கள் தங்கள் அறிக்கையைக்கூட அவர்களுக்குக் காட்டவில்லை. இளம் மன்னன் காதலைத் துறந்தது சரியா தவறா என்று தீர்ப்பெழுத முற்படும் எவரும், நாட்டின் பெயரால் அவனிடம் பேசியவருக்கு அந்த அதிகாரத்தை நாடு கொடுத்திருந்ததா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். கொடுக்காத இடங்களில் மன்னன் காதலியை இழந்தான். மக்கள் தங்கள் குரலை இழந்தார்கள். கதை சொல்பவர்கள் முதல் இழப்பை மட்டுமே எழுதிவைத்தார்கள்.